அப்பா திதிக்கு 50,000 ரூபாய்: முதியோர் இல்லத்துக்குக் குடுக்கலாமா, வேற வழி இருக்கா?

ஓசூர்_ஷிப்ட்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிப்ட் வேலை பாக்குறேன். சொந்த ஊரு பாலக்கோடு தாலுக்கா, மாரண்டஅள்ளி பக்கம் ஒரு கொட்டாய். வர்ற தை மாசத்தோட அப்பா தவறி ஒரு வருசம் ஆகுது. நானும் அக்காவும் சேர்ந்து 50,000 ரூபாய் எடுத்து வெச்சிருக்கோம். அப்பா கடைசி ரெண்டு வருசம் நடக்க முடியாம கட்டில்லயே கெடந்தாரு. அதனால அந்த மாதிரி வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க யாருக்காவது போய்ச் சேரணும்னு ஆசை.

அக்காவுக்கு தருமபுரியில ஒரு முதியோர் இல்லம் மனசுல இருக்கு. ஒரு நாள் மூணு வேளை சாப்பாடு, வடை பாயசத்தோட. போர்டுல அப்பா பேரு எழுதுவாங்க. மிச்சம் கட்டட நிதிக்கு. போன வாரம் நான் போய்ப் பாத்தேன். குறை சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல, சுத்தமாத்தான் வெச்சிருக்காங்க. ஆனா எங்களப் பாத்ததும் எல்லாரையும் ஹாலுல வரிசையா உக்கார வெச்சு ஒரு பாட்டுப் பாடச் சொன்னாங்க. ஒரு ஆயா என் கையப் பிடிச்சு "எந்த ஊரு சாமி"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். "நானும் அந்தப் பக்கந்தான், பஞ்சப்பள்ளி"ன்னுச்சு. அதுக்குள்ள போட்டோ எடுக்கக் கூப்பிட்டுட்டாங்க.

மனசு ஒட்டல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தக்காளி_மண்டி

நெல்லிக்கனிய தான் திங்காம அவ்வையாருக்குக் குடுத்த அதியமான் ஊருப்பா இது. வயசானவங்களுக்குச் செய்யறதுக்கு நமக்கா சொல்லித் தரணும். சாப்பாடு போடு, புண்ணியம்.

மூணு_சக்கரம்

தக்காளி அண்ணா, அதியமான் போட்டோ எடுத்தாரான்னு பாத்துச் சொல்லுங்க.

அரூர்_இல்லம்

நான் அரூர் பக்கம் 32 பேர் இருக்கற ஒரு சின்ன இல்லத்த நடத்தறேன். தம்பி எழுதுனதப் படிச்சதும் கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா நாங்களும் பாட்டுப் பாடச் சொல்லியிருக்கோம். இப்ப நிறுத்திட்டோம். ஒரு ஐயா என்னக் கூப்பிட்டு, "நான் 30 வருசம் பசங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தவன், இப்ப சோத்துக்குப் பாட வெக்கறியே"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல.

சாப்பாட்டு விசயத்த ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிடறேன். எங்களுக்குச் சாப்பாடு பஞ்சம் இல்ல. தை மாசம், முகூர்த்த நாள், அமாவாசை வந்தா ஒரே நாளுக்கு மூணு குடும்பம் கேக்கும். காலையில கேசரி, மதியம் பாயசம், சாயங்காலம் ஜாங்கிரி. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு மேல சர்க்கரை. வந்தவங்க ஆசையா ஊட்டி விடறப்ப வேண்டாம்னு எப்பிடிச் சொல்றது? மறுநாள் காலையில சர்க்கரை பாத்தா மீட்டர் எங்கயோ நிக்கும். ஆடி மாசம் வந்துட்டா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க.

எங்களுக்குக் கை கடிக்கற எடம் வேற. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து டயாபர் மாத்தி, துணி அலசிப் போடற ரெண்டு அம்மாக்கள் இருக்காங்க. அவங்க சம்பளந்தான் எங்களோட பெரிய செலவு. "உங்க பேர்ல ஒரு மாசம் ராத்திரி ஆளுக்குச் சம்பளம்"னு கேட்டா எல்லாரும் தலைய ஆட்டிட்டு, கடைசியில ஒரு மூட்டை அரிசியோட வருவாங்க. அரிசி மேல பேரு ஒட்டிப் போட்டோ எடுக்கலாம். டயாபர்ல எழுத முடியாது.

கட்டட நிதின்னு தம்பி சொன்னதால ஒரு வார்த்தை. கட்டடம் கட்டித் தர கம்பெனிங்க இருக்கு. ஒரு அளவுக்கு மேல லாபம் பாக்கற கம்பெனி 2 சதவீதத்த சமூகப் பொறுப்புக்குச் செலவு பண்ணணும்னு 2013 கம்பெனி சட்டத்துலயே இருக்கு. ஓசூர்ல கம்பெனிக்கா பஞ்சம்? ஆனா சம்பளத்துக்குக் கேட்டா அவங்களும் யோசிக்கறாங்க. கட்டடம்னா ரிப்பன் வெட்டலாமில்ல.

சந்தேகப்பிராணி

எல்லா டிரஸ்டும் ஃபிராடு. நேரா ஏழைங்க கையில குடு. முடிஞ்சது கதை.

ஓசூர்_ஷிப்ட்காரன்

அரூர் சார், மனசு நோகற மாதிரி எழுதியிருந்தா மன்னிச்சிடுங்க. உங்க இல்லத்தச் சொல்லல. ராத்திரி ஆள் விசயம் எங்களுக்குத் தோணவே இல்ல. அப்பாவுக்கு ராத்திரி அம்மாதான் எழுந்திரிப்பாங்க. அம்மாவுக்கே அப்ப 66.

வீட்டுக்கு_வீடு_பிசியோ

ஷிப்ட்காரன் தம்பி, உங்க கடைசி வரியில நான் நின்னுட்டேன்.

பிசியோதெரபி படிச்சவன். கொஞ்ச காலம் ஒப்பந்தத்துல வீடு வீடாப் போய் வேலை பாத்தேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்னிக்கு நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க. பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். நடக்க முடியாதவங்களுக்கு பிசியோ, நோய் முத்துனவங்களுக்கு வலி தணிக்கற நர்ஸ். நல்ல திட்டம், நான் நேர்ல பாத்தவன். ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு வட்டாரத்துக்கு ஒரு பிசியோ. பென்னாகரம் மாதிரி மலையும் காடுமா இருக்கற வட்டாரத்துல பஸ் எறங்கி நடந்து ஒரு நாளைக்கு எத்தன வீடு போக முடியும்? நான் திரும்ப அந்த வீட்டுக்குப் போறதுக்குள்ள சொல்லிக் குடுத்த பயிற்சிய மறந்திருப்பாங்க. கைகால மடக்கி நீட்டிவிடறது தினமும் வீட்டு ஆளு செய்ய வேண்டிய வேலை. வீட்டுல ஆளு எங்க?

நம்ம ஜில்லாவுல பாதி வீடு அப்பிடித்தான். பசங்க பெங்களூருல கட்டட வேலை, திருப்பூர்ல பனியன் கம்பெனி. வீட்டுல 70 வயசு ஆயா, 75 வயசு தாத்தா. படுக்கைப் புண் வராம இருக்கணும்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆளப் பொரட்டிப் படுக்க வெக்கணும். 40 கிலோ ஆயா 60 கிலோ தாத்தாவ ராத்திரி பூரா எப்பிடிப் பொரட்டும்? ஒரு வீட்டுல அந்த ஆயா சேலைய முறுக்கி தாத்தா முதுகுக்கு அடியில விட்டு, மறு முனைய சன்னல் கம்பியில சுத்தி இழுத்துப் பொரட்டுனத நான் பாத்தேன். எந்தக் காலேஜுலயும் எனக்கு அதச் சொல்லித் தரல.

இந்த மாதிரி வீடுங்களுக்கு ஒரு ஏர் பெட், ஒரு கமோடு நாற்காலி, மாசம் நாலு தடவை வந்து அந்த ஆயாவ ரெண்டு மணி நேரம் தூங்க விடற ஒரு ஆளு. நீங்க குடுக்கற காசுல இது நடக்கும். இல்லம் வேண்டாம்னு சொல்லல. யாருமே இல்லாதவங்களுக்கு இல்லம் வேணும். ஆனா முக்கால்வாசிப் பேரு சொந்த வீட்டுல சொந்தக் கட்டில்ல கெடக்கறாங்க. அவங்களுக்கு போர்டு கிடையாது, அதனால தானமும் போறதில்ல.

பெங்களூரு_பேத்தி

பிசியோ அண்ணா சொன்ன ஆயா எங்க ஆயாவேதான்னு தோணுது. நான் சில்க் போர்டு பக்கம் வேலை பாக்குறேன். ஆயா பென்னாகரம் பக்கம்.

எங்க ஆயாவுக்கு முதுகு வளைஞ்சு தரையப் பாத்துதான் நடக்கும். கழுத்து திரும்பாது, கூப்பிட்டா உடம்பையே திருப்பும். சின்ன வயசுல நான் "ஆயா ஏன் எப்பவும் காசு தேடுது"ன்னு கேப்பேனாம். அப்புறந்தான் தெரிஞ்சுது, ஃபுளோரைடு. 40 வருசம் போர் தண்ணி, கெணத்துத் தண்ணி. ஒரு லிட்டர்ல 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுங்கறாங்க, நம்ம பக்கம் பல ஊருல அதத் தாண்டித்தான் இருந்துச்சு. பல்லு காவி புடிக்கறது மட்டும் வெளிய தெரியும். எலும்புல போய் உக்காந்தது வயசானப்பறந்தான் தெரியும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு, ஜப்பான் கடன்ல கட்டுனது, 2013ல தொறந்தாங்க. எங்க தெருவுக்கும் குழாய் வந்துச்சு. என் தம்பி பசங்களுக்குப் பல்லு வெள்ளையா இருக்கு. ஆனா காவேரித் தண்ணி குடிச்சா வளைஞ்ச முதுகு நிமிராதே. அந்தத் தலைமுறை இப்ப கட்டில்ல இருக்கு.

கேள்வி என்னன்னா, ஆயாவுக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா? ஒருத்தரு "இது வயசுக் கோளாறு, ஊனம் இல்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு. எந்த எடம்னு சொல்ல வேண்டாம்னு பாக்கறேன்.

ரிட்டயர்டு_வருவாய்

அம்மா பேத்தி, வருவாய்த்துறையில் எழுத்தராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன் நான். முடிந்த அளவு தெளிவாகச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. அந்தப் பட்டியலில் ஃபுளோரைடு நோய் என்று பெயர் கிடையாது. அதைச் சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் பயந்து வந்துவிடக் கூடாது. பட்டியலில் இயக்கக் குறைபாடு என்று இருக்கிறது. உங்கள் ஆயாவுக்கு முதுகும் கழுத்தும் எவ்வளவு அசைகிறது என்பதை அளந்து, எலும்பு மருத்துவர்தான் சதவீதம் போட வேண்டும். காரணம் தண்ணீரா, விபத்தா என்பது இரண்டாவது. 40 சதவீதம் வந்தால் அட்டை உண்டு. வயதாகிவிட்டது என்பதற்காக மறுக்கச் சட்டத்தில் இடமில்லை.

பணத்தைப் பொறுத்தவரை பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். மாற்றுத்திறனாளிக்கு வருவாய்த்துறை வழியாக வருவது 2023 ஜனவரி முதல் 1,500. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருகிற பராமரிப்பு உதவித்தொகை 2,000. அது கடும் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு, பார்க்கின்சன் போன்றவர்களுக்கு. துறை வேறு, அலுவலகம் வேறு, படிவம் வேறு. ஒருவருக்கு ஒன்றுதான். பல குடும்பங்கள் 1,200 வாங்கிக்கொண்டு, 2,000க்குத் தகுதி இருப்பதே தெரியாமல் காலம் தள்ளுகின்றன.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பணியில் இருந்தபோது நானே பல பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "ஒரு காகிதம் குறைகிறது, எடுத்துக்கொண்டு வாங்க" என்று சொல்வது எங்களுக்கு ஒரு நிமிட வேலை. அவர்களுக்கு அது ஒரு நாள், இரண்டு பஸ், ஆட்டோ, உடன் வருபவரின் கூலி இழப்பு. பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டார்கள். விண்ணப்பம் தள்ளுபடி என்று கோப்பில் முடிந்துவிடும். ஓய்வுக்குப் பிறகு என் மனைவியின் ரேகை ரேஷன் கடை மெஷினில் விழாமல் மூன்று முறை திரும்பி வந்தாள். அன்றுதான் எனக்கு உறைத்தது.

மூணு_சக்கரம்

ஐயா, ஒரு ரிட்டயர்டு ஆபீசர் இதச் சொல்லி இப்பத்தான் கேக்கறேன். நல்லா இருங்க.

என் கதையச் சொல்லிடறேன். காரிமங்கலம் பக்கம். ரெண்டு வயசுல போலியோ, ரெண்டு காலும் வராது. எனக்கு இதுவரைக்கும் மூணு தடவை சக்கர நாற்காலி குடுத்திருக்காங்க. ஒரு முகாமுல காலையில ஏழு மணிக்கு வரச் சொல்லிட்டு மதியம் ரெண்டு மணிக்கு விருந்தினர் வந்தாங்க. அதுவரைக்கும் பாத்ரூம் போக முடியல, ஏன்னா மாற்றுத்திறனாளி முகாம் நடந்த மண்டபத்துல பாத்ரூமுக்கு மூணு படி. சிரிக்கறதா அழறதா சொல்லுங்க. நாற்காலிய வீட்டுக்குக் கொண்டு வந்தா வாசக்காலுல நுழையல. எங்க தெருவுல இந்த மாதிரி நாலு நாற்காலி இருக்கு. ஒண்ணுல சோளம் காயுது, ஒண்ணுல வெறகு. என்னோடதுல கோழி அடை காக்குது.

குடுக்கறவங்களக் குத்தம் சொல்லல. அளந்து பாத்துக் குடுங்கன்னு சொல்றேன். இடுப்பு அகலம், கால் நீளம், வீட்டு வாசல், தெரு மண்ணா சிமெண்டா, இதெல்லாம் பாக்கணும். அகலமான நாற்காலியில நாள் பூரா ஒருக்களிச்சு உக்காந்தா புண்ணு வரும், பிசியோ சொல்லட்டும். சறுக்குப் பாதை கட்டித் தர்றவங்களும் கேளுங்க. ஒரு அடி ஒசரத்துக்கு 12 அடி நீளம் வேணும். எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தரு கட்டிக் குடுத்தது நாலடி. அதுல பசங்க சறுக்கி வெளையாடறாங்க, அந்த மட்டுக்கும் லாபம்.

எனக்கு உண்மையா உதவுனது யாருன்னா, 2009ல ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துலருந்து வந்த ஒரு அக்கா. பணம் ஒண்ணும் தரல. நாலு தடவை என்கூட பஸ்ஸுல வந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை, ஆபீசுக்கு ரெண்டு தடவை. என்ன எறக்கி ஏத்தி, கியூவுல எனக்காக நின்னு, அந்த மேசைக்காரரு "காகிதம் குறையுது"ன்னப்ப "எதுன்னு எழுதிக் குடுங்க சார்"னு கேட்டாங்க. எழுதிக் குடுங்கன்னதும் குறைஞ்ச காகிதம் அங்கயே கெடச்சிடுச்சு. உதவித்தொகை வந்துச்சு, தையல் லோன் வந்துச்சு, அப்புறம் சைடு சக்கரம் போட்ட ஸ்கூட்டர் வந்துச்சு. எல்லாத்துக்கும் ஆரம்பம் அந்த நாலு பஸ் டிக்கெட்.

இப்ப நான் அந்த வேலையச் செய்யறேன். திங்கக்கிழமை திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மக்கள் குறைதீர்க்கும் நாள். யாராவது ஒருத்தரக் கூட்டிட்டுப் போவேன். எனக்குப் பெட்ரோல், அவங்களுக்கு ஆட்டோ. ஆட்டோ காசு இல்லாம நின்னு போன கேசுதான் என்கிட்ட ஜாஸ்தி.

சந்தேகப்பிராணி

சரி, நீங்க நல்லவங்கன்னே வெச்சுக்குவோம். முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தன் எப்பிடி நம்பிக் காசு குடுப்பான்? அதச் சொல்லுங்க மொதல்ல.

மூணு_சக்கரம்

என்னக் கேட்டா, என்கிட்ட காசே குடுக்க வேண்டாம். நேரா ஆட்டோக்காரர் நம்பருக்கு அனுப்புங்க.

அரூர்_இல்லம்

சந்தேகம் தப்பில்ல. பெரிய தொகை குடுக்கற எவரும் கேக்கலாம். டிரஸ்ட் பதிவுப் பத்திரம், வருமான வரிப் பதிவு, 80ஜின்னு சொல்ற நன்கொடை வரிக் கழிவு அனுமதி இருக்கா. அந்த அனுமதி இருந்தா வருச முடிவுல நன்கொடைச் சான்றிதழ் தரணும், அது இருந்தாத்தான் உங்களுக்கு வரிக் கழிவு. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா கழிவு கிடையாது. ரொக்கமாத்தான் வேணும்னு நிக்கறவங்ககிட்ட கொஞ்சம் யோசிங்க. இல்லம்னா பதிவு இருக்கான்னு கேளுங்க. மனநலம் பாதிச்சவங்கள வெச்சிருந்தா அதுக்கு மாநில மனநல ஆணையத்துல தனிப் பதிவு வேணும்.

இதெல்லாத்தையும் விட, சொல்லாமக் கொள்ளாம ஒரு செவ்வாக்கெழம சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நில்லுங்க. மூத்திர வாடை எவ்வளவு அடிக்குதுன்னு பாருங்க. கொஞ்சமும் அடிக்கலன்னா கேமரா வருதுன்னு கழுவி விட்டிருக்காங்க. ரொம்ப அடிச்சா ஆள் பத்தல. இது எந்த ஆடிட் ரிப்போர்ட்லயும் வராது.

தக்காளி_மண்டி

எல்லாம் ஃபிராடுங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். சித்தேரி மலைக்கு அந்தாண்ட சிட்டிலிங்கியில டாக்டர் புருசன் பொஞ்சாதி, ரெஜி, லலிதான்னு ரெண்டு பேரு, 1993ல கூரைக் கொட்டகையில ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. அந்த ஊரு மலைவாழ் பொண்ணுங்களுக்கே பயிற்சி குடுத்து நர்சாக்கினாங்க. கிருஷ்ணகிரியில குழந்தை பிரான்சிஸ், மகளிர் குழு வேலைக்காக 2012ல மகசேசே விருது வாங்குனாரு. நம்ம ரெண்டு ஜில்லாவுலயும் இருக்காங்கப்பா ஆளுங்க. ஒரே நாள்ல போர்டு மாட்டி வந்தவங்க கிடையாது, வருசக்கணக்கா அங்கயே குடியிருக்கறவங்க.

அது கெடக்கட்டும், ரிட்டயர்டு ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்க பெரியம்மா ரெண்டு ஏக்கர பசங்க பேருக்கு செட்டில்மென்ட் எழுதி வெச்சிடுச்சு. இப்ப சோறு போட ரெண்டு பேரும் தள்ளிவிடறானுங்க. ஒரு மாசம் இவன் வீடு, ஒரு மாசம் அவன் வீடு. 31 நாள் இருக்கற மாசத்துக்கு சண்டை. இதுக்கு வழி உண்டா?

ரிட்டயர்டு_வருவாய்

உண்டு. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும், அவர்தான் தீர்ப்பாயம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் எழுதிய சொத்தை, அவர்கள் கவனிக்காவிட்டால் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே எழுதியிருந்தால் வழக்கு சுலபம். இல்லாவிட்டால் வாதாட வேண்டிவரும். இனி எழுதுபவர்களாவது அந்த ஒரு வரியைப் பத்திர எழுத்தரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளட்டும். அதற்கு முன்னால் 14567க்கு ஒரு போன் செய்து பாருங்கள், முதியோருக்கான உதவி எண், இலவசம். பல சமயம் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்ததுமே பையன்களுக்குத் தாய்ப்பாசம் திரும்பிவிடும்.

தக்காளி_மண்டி

பெரியம்மா மனு குடுக்காது ஐயா. "பெத்த புள்ள மேல கேசு போட்டேன்னு ஊரு சொல்லும்"னு அழுவுது. பாக்கறேன்.

ஓசூர்_ஷிப்ட்காரன்

எல்லாத்தையும் அக்காவுக்குப் படிச்சுக் காட்டுனேன். பேத்தி எழுதுனதக் கேட்டதும் அக்கா கொஞ்ச நேரம் பேசல. எங்க அப்பாவுக்கும் காவிப் பல்லு. கழுத்து திரும்பாது. நாங்க மூட்டை தூக்குன வேலையால வந்த வலின்னுதான் நெனச்சுட்டு இருந்தோம். அப்பாவுக்கு அட்டையும் எடுக்கல, 2,000 ரூபாயும் வாங்கல. கேக்கணும்னே தெரியாது. அம்மா தனியாப் பொரட்டிப் பொரட்டி இப்ப அவங்களுக்கு இடுப்பு போச்சு.

இன்னொரு கேள்வி. அக்கா கொழுந்தன் சிங்கப்பூர்ல இருக்காரு, அவரும் 20,000 போடறேங்கறாரு. வெளிநாட்டுக் காசு வாங்கறது சிக்கல்னு சொல்றாங்களே?

அரூர்_இல்லம்

அவரு இந்திய பாஸ்போர்ட்லயே இருந்தா சிக்கல் இல்ல, வங்கி வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நிதின்னு கணக்காகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிட்டா வெளிநாட்டு நிதிதான். அப்ப எஃப்சிஆர்ஏன்னு வெளிநாட்டு நிதிச் சட்டத்துல பதிவு இருக்கற அமைப்பு மட்டுந்தான் வாங்கலாம், அதுவும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல இருக்கற கணக்கு வழியாத்தான் மொதல்ல வரணும். எங்கள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு அந்தப் பதிவு கிடையாது. தெரியாம வாங்கிட்டு மாட்டிக்காதீங்க.

வீட்டுக்கு_வீடு_பிசியோ

சறுக்கு, நாற்காலி பத்தி மூணு சக்கரம் அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. புண்ணு மட்டும் இல்ல, ஒருக்களிச்சு உக்காந்து முதுகுத்தண்டே கோணிப் போனவங்களப் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு சேத்துக்கறேன். சாமான் வாங்கித் தர்றதுக்கு முன்னாடி ஊர்ல ஏற்கனவே என்ன சும்மா கெடக்குதுன்னு கேளுங்க. ஆளு தவறிட்ட வீட்டுல ஏர் பெட், வாக்கர், கமோடு எல்லாம் பரண்ல இருக்கும். செத்தவங்க பொருள்னு யாரும் தொட மாட்டாங்க. நல்லாக் கழுவி, வெயில்ல போட்டு, இன்னொரு வீட்டுக்குக் குடுத்தா காசே செலவில்ல. நான் ரெண்டு ஊர்ல இப்பிடிச் செஞ்சேன். ஒரு ஊர்ல ஒத்துக்கல, சகுனம் பாத்தாங்க. சரின்னு விட்டுட்டேன்.

பெங்களூரு_பேத்தி

ரிட்டயர்டு ஐயா, மூணு சக்கரம் அக்கா, உங்க ரெண்டு பேருக்கும் தனியா மெசேஜ் பண்ணியிருக்கேன். ஆயாவ எலும்பு டாக்டர்கிட்டக் காட்டணும். நான் லீவு போட்டு வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகும். ரேஷனாவது இப்ப தாயுமானவர் திட்டத்துல வீட்டுக்கே வருது, 70 தாண்டுனதால. அந்த ஒரு அலைச்சல் 2025 ஆகஸ்டோட போச்சு.

ஓசூர்_ஷிப்ட்காரன்

(ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன். மன்னிக்கணும், நடுவுல ஷிப்ட் மாறிடுச்சு.)

திதி முடிஞ்சுது. அக்காவுக்கு அப்பா பேர்ல ஒரு வேளையாவது சோறு போடணும்னு இருந்துச்சு, நான் தடுக்கல. அந்த தருமபுரி இல்லத்துலயே போட்டோம். ஆனா களி, கீரை மசியல், மோரு. பாயசம் இல்ல, பாட்டு இல்ல, போர்டும் வேண்டாம்னுட்டோம். பெருசுங்க களியப் பாத்ததும் ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, அரிசிச் சோறே தின்னு நாக்கு செத்துப் போச்சாம். அதுக்கு 4,000 ஆச்சு. பஞ்சப்பள்ளி ஆயா என்ன அடையாளம் கண்டுக்கல. திரும்பவும் "எந்த ஊரு சாமி"ன்னுதான் கேட்டுச்சு. நானும் திரும்பச் சொன்னேன்.

அரூர் சார் இல்லத்துக்கு ராத்திரி அம்மாக்கள் சம்பளத்துக்குன்னே சொல்லி 16,000, வங்கி வழியா. ரசீதுல அப்பிடியே எழுதிக் குடுத்தாரு. எங்க வீட்டுப் பரண்ல இருந்த அப்பாவோட ஏர் பெட்டையும் வாக்கரையும் பிசியோ அண்ணா எடுத்துட்டுப் போனாரு. அம்மா ஒரு நாள் பூரா அதத் தொடச்சிட்டே இருந்தாங்க. மோட்டார் மட்டும் போயிருந்துச்சு, புதுசு போட்டோம், 1,800.

மிச்சம் 28,200 அக்கா கணக்குல தனியா இருக்கு. மூணு சக்கரம் அக்கா கூட்டிட்டுப் போற ஆளுங்களுக்கு ஆட்டோ வாடகை, கூட வர்றவங்களுக்கு ஒரு நாள் கூலி. நேரா ஆட்டோக்காரருக்குத்தான் போகுது. இதுவரைக்கும் ஏழு நடை. அதுல பேத்தியோட ஆயாவும் ஒண்ணு, அட்டைக்குப் பதிவாயிருக்கு, இன்னும் கைக்கு வரல. ரெண்டு கேசு திரும்பவும் காகிதம் குறையுதுன்னு வந்துடுச்சு. ஒருத்தரு போறதுக்குள்ளயே தவறிட்டாரு. கொழுந்தன் குடியுரிமை வாங்கிட்டாராம், அதனால அவர் காச வாங்கல. ஊருக்கு வர்றப்ப ஒரு நாள் வண்டி ஓட்டுங்கன்னு அக்கா சொல்லியிருக்கு.

இப்ப ஒரு உதவி. வர்ற திங்கக்கிழமை நல்லம்பள்ளி பக்கம் ஒரு தாத்தாவ கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஆட்டோவுல ஏத்தி எறக்க ரெண்டு ஆளு வேணும், மூணு சக்கரம் அக்காவால தூக்க முடியாது. எனக்கு நைட் ஷிப்ட். யாராவது ஃப்ரீயா?

சந்தேகப்பிராணி

28,200ல ஏழு நடைக்கு எவ்வளவு ஆச்சுன்னு கணக்குப் போடல?

ஓசூர்_ஷிப்ட்காரன்

ஆட்டோ 3,150, கூலி 2,400. ஆட்டோக்காரர் கையெழுத்துப் போட்ட நோட்டு அக்காகிட்ட இருக்கு. போட்டோ அனுப்பவா?

சந்தேகப்பிராணி

அனுப்புங்க.

தக்காளி_மண்டி

திங்கக்கிழமை மண்டி காலையில எட்டுக்கெல்லாம் முடிஞ்சிடும். நான் வரேன், கடைப் பையன் ஒருத்தனையும் கூட்டிட்டு வரேன். எங்க நிக்கணும்?

மூணு_சக்கரம்

நாலு ரோட்டுல நில்லுங்கண்ணா, பத்து மணி. தாத்தாவுக்கு இடது பக்கம் வராது, அதனால வலது கைய உங்க தோள்ல போட்டுக்கச் சொல்லுங்க. ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு நான் எடுத்துட்டேன். ஒரு பாட்டில் தண்ணி மட்டும் கொண்டாங்க.